இருபத்தொரு சந்தாதாரர்களும் இரண்டு சம்பாஷணைகளும்

டெலிபோன் பிறந்த கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடித்துவிடுகிறார்கள். 1876-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி, பாஸ்டன் நகரில், அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் ஓர் அறையிலிருந்து கூப்பிட்டார். இன்னோர் அறையிலிருந்த அவருடைய உதவியாளர் வாட்ஸனின் காதில் அந்தக் குரல் கம்பி வழியாக விழுந்தது. உலகம் மாறிவிட்டது. சுபம்!

எனக்கு இந்தக் கதையில் ஒரு குறை உண்டு. இரண்டு அறை, இரண்டு மனிதர், நடுவே ஒரு கம்பி. இதற்கு டெலிபோன் என்று பெயர் வைக்கலாம். டெலிபோன் சேவை என்று சொல்ல முடியாது. பூமியில் ஊற்றுக் கண்டுபிடிப்பது வேறு, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது வேறு அல்லவா? ஊற்றைக் கண்டவன் சந்தோஷமாகக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். வரிசை, குடம், முறை, "நான்தான் முன்னால் வந்தேன்" என்ற வழக்கு எல்லாம் குழாயடியில்தான் ஆரம்பமாகின்றன. டெலிபோன் வரலாற்றிலும் என் மனத்தை இழுப்பது அந்தக் குழாயடிதான். முதல் முதலில் பொதுஜனங்களுக்கென்று டெலிபோன் ஏற்பட்டபோது எத்தனை பேர் பேச முடிந்தது? பேசினது காதில் விழுந்ததா? பேச முடியாதவர்கள் என்ன செய்தார்கள்?

பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 1877-இல் தங்கள் கருவிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, அவற்றை ஜோடி ஜோடியாகத்தான் கொடுத்தார்கள். வியாபாரி ஒருவர் வீட்டில் ஒன்றும் கடையில் ஒன்றுமாக வைத்துக்கொள்வார். இடையே தனிக் கம்பி. வீட்டிலிருந்து கடைக்குப் பேசலாம். கடையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். மூன்றாவது இடம் ஒன்றோடு பேச வேண்டுமானால் இன்னொரு கம்பி இழுக்க வேண்டும். இந்த முறையில் ஓர் ஊரில் 21 பேர் ஒருவரோடொருவர் பேச ஆசைப்பட்டால் எத்தனை கம்பிகள் வேண்டும் தெரியுமா? 210. அதே ஊரில் 391 பேர் ஆசைப்பட்டால் 76,245. வானமே தெரியாமல் போய்விடும்! 21, 391 என்ற இந்த இரண்டு எண்களையும் நான் காரணத்தோடுதான் எடுத்துக்கொண்டேன். சற்றுப் பொறுங்கள்.

இதற்குப் பரிகாரம், கம்பிகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே ஓர் ஆளை உட்கார வைத்து, வேண்டியபோது வேண்டிய இரண்டை முடிச்சுப் போடுவது. அமெரிக்காவில் கனெக்டிகட் என்றொரு சிறு மாகாணம். அதன் தலைநகரான ஹார்ட்போர்டில் ஒரு மருந்துக் கடைக்காரர் 1877-இலேயே தம் கடையையும் ஊர் டாக்டர்களையும் கம்பியால் இணைத்து வைத்திருந்தார். மருந்துச் சீட்டு வியாபாரத்துக்காகத்தான் என்று நினைக்கலாம். ஆனால் 1878 ஜனவரி 15-ஆம் தேதி இரவு, அந்த ஊருக்குச் சற்றுத் தூரத்தில், டாரிப்வில் என்ற இடத்தில் பார்மிங்டன் ஆற்றுப் பாலம் இடிந்து, ரயில் ஒன்று பனி உறைந்த ஆற்றில் விழுந்துவிட்டது. ஹார்ட்போர்டில் மூடி என்ற பிரசங்கியாரின் கூட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜனங்கள் அதில் இருந்தார்கள். 13 பேர் மாண்டுபோனார்கள். தந்தி வழியாகச் செய்தி ஹார்ட்போர்டை எட்டியது. அந்த அகாலத்தில் டாக்டர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பித் திரட்டியது மருந்துக் கடையின் டெலிபோன்.

அதுவரையில் டெலிபோன் ஒரு வேடிக்கைப் பொருள். கொட்டகையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிற காட்சி. அந்த ஒரே இரவில் அது உயிர்காக்கும் சாதனமாகிவிட்டது. உயிர்காக்கும் சாதனம் என்று ஆகிவிட்டால் உடனே ஒரு கேள்வி பிறக்கிறது: அவசரமாக வேண்டும்போது அது கிடைக்குமா, கிடைக்காதா?

பதின்மூன்று நாள் கழித்து, 1878 ஜனவரி 28-ஆம் தேதி, அதே மாகாணத்தில் நியூஹேவன் என்ற ஊரில், சந்தா கட்டுகிற யாவருக்குமான டெலிபோன் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. வியாபார ரீதியில் ஏற்பட்ட முதல் எக்ஸ்சேஞ்சு இதுதான் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஏற்படுத்தியவர் ஜார்ஜ் கோய். தந்தித் தொழிலில் பழகியவர். முந்தின வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவ்வூர் நாடகக் கொட்டகை ஒன்றில் பெல் நடத்திய காட்சியைப் பார்த்தவர். கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஊரின் இரண்டு தெருக்கள் கூடுகிற மூலையில் போர்ட்மன் கட்டடம் என்ற கட்டடத்தில் கம்பெனியைத் துவக்கினார். மாதச் சந்தா ஒன்றரை டாலர். சந்தாதாரர்கள் 21 பேர்.

அந்த எக்ஸ்சேஞ்சின் ஸ்விட்ச்போர்டைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. இப்படி ஒரு பொருளைக் கடையில் வாங்க முடியாத காலம். ஆகவே கோய் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொண்டார். வண்டிகளுக்கு முடுக்குகிற போல்ட்டுகள் சில. டீ பாத்திர மூடியில் இருக்கும் குமிழ்கள் சில. அக்காலத்து அமெரிக்கப் பெண்மணிகள் பாவாடை பின்புறம் எடுப்பாக நிற்பதற்காக உள்ளே கம்பிக்கூடு ஒன்று கட்டிக்கொள்வார்கள். அந்தக் கம்பி கொஞ்சம். மேஜை நாற்காலி உட்பட ஆபீஸ் சாமான்கள் அத்தனையின் மதிப்பும் 40 டாலருக்கு உட்பட்டதுதானாம். சமையலறை, வண்டிப்பேட்டை, பெண்கள் அலமாரி மூன்றும் சேர்ந்து பெற்ற குழந்தை அந்தப் பலகை!

அதன் சக்தி என்ன? 21 சந்தாதாரர்களுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. மொத்தம் எட்டே எட்டு லைன்கள். ஒவ்வொரு லைனையும் சில பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்காளி பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். அல்லது, மனம் இடங்கொடுத்தால், ஒட்டுக் கேட்கலாம். பலகையை முழுக்க நிரப்பினால் 64 சந்தாதாரர்கள் வரையில் சேர்க்கலாம். ஆனால் எத்தனை பேரைச் சேர்த்தாலும், ஒரே சமயத்தில் அந்தப் பலகை தாங்கக்கூடிய சம்பாஷணைகள் இரண்டு. அதாவது நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் மற்றப் பதினேழு பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேசின நாலு பேருக்காவது சரியாகக் கேட்டதா என்றால், அதுவும் சந்தேகம்தான். பெல்லின் ஆரம்பக் கருவியில் பேசுவதும் கேட்பதும் ஒரே குழலில்; வாயிலிருந்து எடுத்துக் காதில் வைக்க வேண்டும், காதிலிருந்து எடுத்து வாயில் வைக்க வேண்டும். அதற்கு வேறு பலம் கிடையாது. பேசுகிறவரின் தொண்டைதான் பலம். கரித்துண்டைக் கொண்டு குரலைப் பெருக்கும் எடிஸன் முறை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. கம்பியோ இரும்புக் கம்பி, அதிலும் ஒற்றைக் கம்பி. மின்சாரம் திரும்பிவருவதற்குப் பூமியையே வழியாக உபயோகித்தார்கள். செலவு பாதி, ஆனால் பக்கத்தில் ஓடுகிற தந்திக் கம்பியின் கடகடப்பு, தூரத்து மின்னல், பூமிக்குள் ஓடும் இன்னதென்று தெரியாத மின்சாரங்கள் எல்லாம் அழையாத விருந்தாளிகளாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரட்டைக் கம்பி போட்டால் இந்த இரைச்சல் அடங்கிவிடும் என்று ஜான் கார்ட்டி என்ற இளைஞர் 1881-இல் காட்டினார். இரும்புக்குப் பதில் கடினமாக இழுத்த செம்புக் கம்பி போட்டுப் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் பேசியது 1884-இல். நியூஹேவன் முதல் சந்தாதாரர்களுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. அவர்கள் ஒன்றரை டாலர் கொடுத்து வாங்கியதில் பாதி குரல், பாதி இரைச்சல்.

ஆனாலும் ஜனங்கள் வந்தார்கள்! பிப்ரவரி 21-ஆம் தேதி, ஒரே காகிதத்தில் அச்சடித்த முதல் டெலிபோன் டைரக்டரி வெளிவந்தது. அதில் 50 பெயர்கள். டாக்டர்கள், போலீஸ், தபாலாபீஸ், மருந்துக் கடைகள், மார்க்கெட் கடைகள், சில வீடுகள். நம்பர் ஒன்றும் கிடையாது. பெயரைச் சொன்னால் ஆபரேட்டருக்குத் தெரியும். அந்த வருஷம் நவம்பரில் புத்தக வடிவில் டைரக்டரி போட்டபோது பெயர்கள் 391 ஆகிவிட்டன.

இந்த நவம்பர் டைரக்டரியில் பெயர்களைவிட அதில் கண்ட விதிகள்தாம் எனக்கு ருசியானவை. பேச ஆரம்பிக்கும்போது "ஹல்லோ" என்ற மாதிரி ஒரு சத்தம் கொடுக்க வேண்டும். முடிக்கும்போது "அவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டும். பேச உத்தேசம் இல்லாமல் கருவியைக் கொக்கியிலிருந்து எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவைக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது. மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் தலைமை ஆபீஸில் அனுமதி பெற வேண்டும்.

பார்த்தீர்களா, குழாயடி வந்துவிட்டது! வீட்டுக்கு இரண்டு குடம்; அதற்கு மேல் வேண்டுமானால் பஞ்சாயத்துத் தலைவரைக் கேள்.

இந்த விதியை எடுத்து ஜனவரி மாதத்துப் பலகைக்குப் பொருத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு மணிக்கு இரண்டு தடவை, தடவைக்கு மூன்று நிமிஷம் என்றால் ஆறு நிமிஷம். 21 பேருக்கு 126 நிமிஷம். பலகையில் ஒரு மணி நேரத்தில் அடங்குவது இரண்டு அறுபது, 120 நிமிஷம். ஏறக்குறையச் சரியாகத்தானே இருக்கிறது? ஆறே நிமிஷம்தானே இடிக்கிறது? நூற்றுக்கு ஐந்து பேர் ஏமாந்து போவார்கள், போகட்டும் என்று தோன்றுகிறது அல்லவா?

அதுதான் இல்லை. இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று உலகத்துக்குச் சொல்ல ஒரு டேனிஷ்காரர் வரவேண்டியிருந்தது. அவரிடம் வருவதற்கு முன்னால், பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். ஏனென்றால் பலகைக்குத் தாங்கும் சக்தி உண்டென்றால் மனிதருக்கும் உண்டு.

ஆரம்பத்தில் பல ஊர்களில் இந்த வேலைக்குத் தந்தி ஆபீஸ் பையன்களை வைத்தார்கள். பையன்கள் பையன்களாகவே இருந்தார்கள். கத்தினார்கள், சந்தாதாரர்களை ஏசினார்கள், கட்டிப் புரண்டார்கள். 1878 செப்டம்பர் முதல் தேதி பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்மணி வேலைக்கு வந்தார். முதல் பெண் ஆபரேட்டர் அவர்தாம். பொறுமையான குரல் என்பதும் டெலிபோன் சேவையின் தரத்தில் சேர்ந்தது என்று கம்பெனிக்காரர்கள் அதன் பிறகுதான் கண்டுகொண்டார்கள். மறு வருஷம் லோவெல் என்ற ஊரில் மணல்வாரி அம்மை பரவியது. அங்கே நாலே ஆபரேட்டர்கள். இருநூறுக்கு மேற்பட்ட சந்தாதாரர்களின் பெயரும் இடமும் அந்த நாலு மண்டைகளுக்குள்தான் இருந்தன. நாலு பேரும் படுத்துவிட்டால் ஊரே ஊமையாகிவிடும் என்று பயந்தார் மோஸஸ் பார்க்கர் என்ற டாக்டர். சந்தாதாரர்களுக்குப் பெயருக்குப் பதிலாக நம்பர் கொடுத்துவிடுங்கள், புது ஆள் யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை நடக்கும் என்று யோசனை சொன்னார். இன்று நாம் மனப்பாடம் செய்யத் திண்டாடுகிற டெலிபோன் நம்பர்கள் அம்மைக்குப் பயந்து பிறந்தவை!

இனி டேனிஷ்காரர். அவர் பெயர் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் உத்தியோகம், படிப்பு கணிதம். எத்தனை சந்தாதாரர்களுக்கு எத்தனை லைன் போட்டால் போதும் என்பது அவரைப் பிடித்த கேள்வி. 1909-இல் முதல் கட்டுரை எழுதினார். 1917-இல் சூத்திரத்தையே கொடுத்துவிட்டார்.

அவர் கண்ட விஷயத்தைக் காப்பி ஹோட்டலை வைத்துச் சொல்லிவிடலாம். காலையில் நூறு பேர் வருகிறார்கள் என்றால் நிமிஷத்துக்கு ஒருவராகச் சொல்லிவைத்துக்கொண்டு வருகிறார்களா? இல்லை. சற்று நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று நிற்க இடம் இராது. காலியாகக் கிடந்த நேரத்தை எடுத்து நெரிசல் நேரத்தில் ஒட்டவைக்க முடியாது. டெலிபோனும் அப்படித்தான். எர்லாங் சூத்திரத்தில் நம்முடைய 126 நிமிஷத்தையும் இரண்டு சம்பாஷணைகளையும் போட்டுப் பார்த்தால், நூறு தடவை கூப்பிட்டால் 40 தடவைக்கு மேல் "லைன் இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். ஐந்து அல்ல, நாற்பது!

அதே சூத்திரத்தில் இன்னொரு அதிசயமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பத்தால் பெருக்குங்கள். 210 சந்தாதாரர்கள், 20 சம்பாஷணைகள். விகிதம் மாறவே இல்லை. ஆனால் ஏமாந்து போகிற அழைப்புகள் நூற்றுக்கு 18 ஆகக் குறைந்துவிடுகின்றன. சிறு கூட்டம் சிறு பொருளைப் பங்கு போட்டால் சண்டை. பெரிய கூட்டம் பெரிய பொருளைப் பங்கு போட்டால் அவ்வளவு சண்டை இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்லுகிறது. டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகுக்கு 1946-இல் எர்லாங் என்றே பெயர் வைத்தார்கள். அவர் 1929-இலேயே காலமாகிவிட்டார்.

நம் தேசத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. நியூஹேவன் எக்ஸ்சேஞ்சு திறந்து சரியாக நாலு வருஷம் கழித்து, அதே ஜனவரி 28-ஆம் தேதி, 1882-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களின் எக்ஸ்சேஞ்சுகளும் திறந்துவைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். நடத்தியது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் குழாயடிப் பொருத்தம் தற்செயல் அல்ல. வெகு காலம் வரையில் இங்கே டிரங்க் காலில் மூன்று ஜாதிகள் இருந்தன: ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங். பதிவு செய்துவிட்டு டெலிபோனுக்குப் பக்கத்திலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த கதைகளை என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். லைட்னிங் என்று பல மடங்கு பணம் கொடுத்தவர் வரிசையைத் தாண்டிப் போய்விடுவார். சந்தாதாரர் தாமே நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் வசதி கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இல்தான் வந்தது. பின்னால் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. ராத்திரியில் கட்டணம் குறைவு என்பதற்காக அங்கே தூக்கக் கலக்கத்தோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசாமல் இருக்க நியூஹேவனில் விதி செய்தார்கள். நம் ஊரில் விலை செய்தார்கள்.

பெரிய தேசங்களும் தப்பவில்லை. 1927-இல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ரேடியோ வழியாக டெலிபோன் சேவை தொடங்கியபோது, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட இருந்த வழி ஒன்றே ஒன்று. கோயின் டீ மூடிப் பலகையைவிட ஒன்று குறைவு! மூன்று நிமிஷத்துக்குக் கட்டணம் 75 டாலர். சமுத்திரத்துக்கு அடியில் டெலிபோன் கேபிள் போட்டு 36 வழிகள் உண்டாக்கியது 1956-இல்.

இன்று கைக்குள் அடங்கும் செல்போன் வந்துவிட்டது. குழாயடி ஒழிந்துவிட்டது என்று நானும் எண்ணியிருந்தேன். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. என் அக்கா முடிச்சூரில் இருந்தாள். நான் வெளியூரில். செய்தி கேட்டதிலிருந்து கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. மின்சாரம் போய்க் கோபுரங்கள் பல செத்துக் கிடந்தன. மிச்சம் இருந்தவற்றின் வாசலில் ஊரே நின்றுகொண்டிருந்தது. என் கம்பெனி எது என்பது முக்கியமல்ல. அன்று எல்லாக் கம்பெனிக்காரர்களும் திணறிப்போனார்கள். எத்தனையாவது முயற்சியிலோ மணி அடித்தது.

"தம்பி, மாடியிலே இருக்கோம்டா. எல்லாரும் நல்லா இருக்கோம். சாப்பாடு இருக்கு. இந்த ஒரு போன்லேதான் சார்ஜ் இருக்கு. கீழ் வீட்டு மாமி அவ பையனோட பேசணும்னு நிக்கிறா. வச்சுடு."

அரை நிமிஷங்கூட ஆகியிராது. வைத்துவிட்டேன். நான் பேச நினைத்திருந்தது எவ்வளவோ. ஆனால் அந்த அரை நிமிஷத்தில் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி நேரம் மாமியுடையது. மூன்று நிமிஷம் என்று அக்காவுக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை.

நியூஹேவனில் அந்தப் போர்ட்மன் கட்டடத்தை 1973-இல் இடித்துவிட்டார்கள். கோயின் பலகையைக் கேலி செய்வது சுலபம். அந்த 21 பேரில் ஒருவர் காய்கறிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொருவருக்கு டாக்டர் தேவைப்பட்டிருக்கலாம். இன்றைய கருவிகளில் குரல் பளிங்குபோல் கேட்கிறது. வழிகளோ எண்ணி முடியாதவை. ஆனாலும் எந்தப் பலகையும், எந்தக் கோபுரமும், எல்லாரும் ஒரே சமயத்தில் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கட்டப்படுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிற நாளும் வருகிறது. அன்றைக்குச் சேவை நன்றாக இருந்ததா, இல்லையா என்று நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் முடிவு கட்டுவேன். தவிப்போடு காத்து நின்றவருக்கு முறை வந்ததா?